குளம் தெரியும் நாற்காலி

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்திருப்பதற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதுவரை நான் எழுதியதில் நீளமானது, மாமியார் தவறியபோது கடைக்குக் கொடுத்த லீவு லெட்டர்தான். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அவருடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் கொடுத்த போன் நம்பர் இப்போது வேறு யாருக்கோ போகிறது. நான் எழுதாவிட்டால் அவரைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை.

பெயரை எழுதவில்லை. கேட்காமல் போடுவது முறையில்லை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. யார் மூத்தவர் என்று கேட்டுக்கொண்டதே இல்லை. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அக்கா என்பேன்.

அவரை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், நின்றுகொண்டு சாப்பிட மாட்டார். உட்கார்ந்துவிட்டால் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். இதிலே என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் கடையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும்.

காலையில் கடை திறந்தால் ராத்திரி மூடும் வரை நாங்கள் நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு, மெத்தை உண்டு. கூட்டமே இல்லாத நேரத்திலும் நாங்கள் சும்மா சாய்ந்துகூட நிற்கக் கூடாது. மேலே கேமரா இருக்கிறது. இப்போது சட்டம் வந்துவிட்டது என்று எங்களுக்கும் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் பட்டுப்புடவை அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். நான் சொல்லும் காலத்தில் அந்த ஸ்டூலும் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். சாப்பிடும் இடம் மாடியில் இருக்கும் குடோன். சுற்றிலும் பண்டல் பண்டலாகத் துணி, நடுவில் ஒரு ஆள் போகும் வழி. பண்டலில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, டப்பாவை இடது கையில் ஏந்தி, வாசலைப் பார்த்தபடியே வாயில் போட்டுக்கொள்வோம். கீழேயிருந்து யாராவது கூப்பிட்டால் மூடி வைத்துவிட்டு ஓட வேண்டும். இதை யாரும் கஷ்டம் என்று நினைத்ததில்லை. சாப்பாடு என்றால் அப்படித்தான் என்றிருந்தோம்.

அவர் மண்ணச்சநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனார். அங்கே ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர். முதல் நாள் மதியம் குடோனுக்குள் வந்து, டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"உட்கார்ற இடம் எங்கங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஏன்க்கா, டேபிள் போட்டு இலை போடணுமா?" என்று ரெடிமேட் பிரிவுப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"போட்டா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார். டப்பாவைப் பையில் வைத்தார். வெளியே போய்விட்டார்.

அரை மணி முடிகிற நேரத்தில் முகமெல்லாம் வியர்த்து வந்தார். நான்தான் மெதுவாகக் கேட்டேன், எங்கே சாப்பிட்டீர்கள் என்று.

"குளத்துப் படியில உட்காரலாம்னு போனேங்க்கா. கம்பி கேட்டு, பூட்டு. சுத்தி வந்தேன். சுத்தி முழுக்கக் கடை. பையி, பிளாஸ்டிக்கு, சீப்பு, கண்ணாடி. இவ்ளோ பெரிய குளத்தைக் கட்டி வச்சு, அதைப் பாத்து ஒரு நாற்காலி போட ஆள் இல்லையா இந்த ஊர்ல? கடைசியில போஸ்ட் ஆபீஸ் வாசல்ல ஒரு கட்டையில உட்கார்ந்தேன். சோறு வெயில்ல வெந்துபோச்சு."

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி அந்தக் குளத்தை ஒட்டித்தான் கடைக்கு நடக்கிறேன். குளத்தைப் பார்க்க முடியவில்லை என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கடை இடுக்கில் ஒரு துண்டுத் தண்ணீர் தெரியும், நடு மண்டபத்தின் உச்சி தெரியும். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவர் டப்பா கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். "காலையில எந்திரிச்சு வீட்ல அத்தனை பேருக்கும் ஆக்கி, டப்பாவுல அடைச்சுட்டு வரேன். ஒரு வேளையாவது மத்தவங்க போட்டு நான் சாப்பிட்டுக்கறேன்" என்றார். அதற்காக மற்றதையெல்லாம் குறைத்தார். டீ குடிக்க மாட்டார். பூ வாங்க மாட்டார். கடையில் தள்ளுபடிப் புடவை போட்டபோது நாங்கள் எல்லோரும் விழுந்தடித்து எடுத்தோம், அவர் மடித்து வைத்ததோடு சரி.

தெப்பக்குளத்தைச் சுற்றியும் அதை ஒட்டிய தெருக்களிலும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. நந்தி கோயில் தெருவில், சின்னக்கடை வீதியில், சந்துக்குள் சந்தில் என்று இட்லிக் கடை, பரோட்டாக் கடை, மெஸ், கூழ் வண்டி எல்லாம் உண்டு. எல்லாம் நடக்கிற தூரம்தான். ஒன்று விடாமல் போய்ப் பார்த்தார். வந்து எங்களிடம் சொல்வார். எல்லோரும் ஆவலாகக் கேட்பார்கள். ஆனால் அவர் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

"சந்துக்கடை எப்படிக்கா? சட்னி நல்லா இருக்குமாமே?"

"சட்னி நல்லாத்தான் இருக்கு. பெஞ்சு ஒரு கால் குட்டை. பல்லு ஆடற மாதிரி ஆடுது. அதுல உட்கார்ந்து எங்க சாப்பிடறது?"

இன்னொரு கடையைப் பற்றிச் சொன்னது: "சாம்பார் சுமார்தான். ஆனா நாற்காலி நல்ல நாற்காலி. முதுகு சாயுது. மேல ஃபேன் நேரா வருது."

பரோட்டாக் கடையைப் பற்றி: "சால்னா அமிர்தம். ஆனா நாம கடைசி வாய் மெல்லும்போதே ஈரத்துணியைக் கொண்டாந்து கை பக்கத்துல துடைக்கிறான். எழுந்திரின்னு வாயால சொல்லலாம்ல? துணியால சொல்றான்."

ருசியை அவர் கவனிக்காமல் இல்லை. அது அவருக்கு இரண்டாம்பட்சம்.

பெரியகடை வீதிப் பக்கம் ஒரு பாய் சின்னதாகப் பிரியாணிக் கடை வைத்திருந்தார். பார்சல் மட்டும்தான். ஒரு அண்டா, ஒரு கல்லா, கல்லாவுக்கு ஒரு நாற்காலி. இவர் போய், "உட்கார இடம் இருக்குங்களா பாய்?" என்று கேட்டிருக்கிறார்.

"பார்சல் கடைதாம்மா இது."

"வாசனை ஆளை இழுக்குது. பார்சல் வாங்கிட்டுப் போயி நான் எங்க நிக்கிறது?"

பாய் யோசித்துவிட்டு, கல்லா நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டு, "உட்காருங்கம்மா" என்றிருக்கிறார். தட்டு வைத்து, வெங்காயப் பச்சடியும் வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வியாபாரத்தைப் பார்த்திருக்கிறார். இவர் தட்டில் கை வைக்கவில்லை.

"என்னம்மா, ஆறிடப் போவுது."

"நீங்க நின்னுக்கிட்டு நான் உட்கார்ந்தா எனக்கு இறங்காது பாய். நீங்களும் எதுலயாச்சும் உட்காருங்க."

பாய் சிரித்துவிட்டு எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தாராம். "இந்தக் கடை வச்சதுலேருந்து பகல்ல இப்பத்தாம்மா உட்கார்றேன்" என்றாராம். கொஞ்ச நாள் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது கடைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் சுமை இறக்கும் ஆட்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னை அவர் பல தடவை கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் இல்லாமல் ஓட்டலில் ஏறியதில்லை. வீட்டுக்காரரோடு போனாலும் அவர் தனக்குச் சொல்கிற பண்டம்தான் எனக்கும் வரும். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் முதல் யோசனை. ஒரு நாள் என் டப்பா பஸ்ஸிலேயே போய்விட்டது. அன்று அந்த அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

முதுகு சாயும் நாற்காலி இருக்கும் அந்தக் கடைதான். வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தேன். இரண்டு இட்லி வந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. அப்போது புருஷன் பெண்டாட்டி போலிருந்த ஒரு ஜோடி உள்ளே வந்தது. நான் சட்டென்று எழுந்து நின்று, "வாங்கம்மா, வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். இட்லி பிசைந்த கையை வேறு முன்னால் நீட்டி வழி காட்டியிருக்கிறேன்.

அந்தம்மா திகைத்துப்போய், "இட்லி பாக்கத்தான் வந்தோம்" என்றது. கடையே சிரித்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. என்னைக் கூட்டி வந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் புடவை முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்தார்.

"அக்கா, இங்க நீங்கதான் கஸ்டமர். அவங்க வேணும்னா உங்களுக்கு எழுந்திருக்கட்டும். சாப்பிடுங்க."

அந்த வார்த்தைக்குப் பிறகும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஆனால் இட்லி சூடாக இருந்தது தெரிந்தது. பல வருஷமாக மதியத்தில் சூடாக எதையும் தின்றதில்லை.

பிறகு அவர் அந்த மாடி மெஸ்ஸைக் கண்டுபிடித்தார். குளத்தை ஒட்டிய கட்டடம் ஒன்றில் இரும்புக்கடைக்கும் ஃபேன்சி கடைக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. மேலே ஒரு நீள ஹால். ஹாலின் கடைசியில் ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, எதிரெதிராக நாற்காலிகள். அங்கே உட்கார்ந்தால் குளம் முழுவதும் தெரியும். நடுவில் மண்டபம், அந்தப் பக்கம் மலைக்கோட்டை, தண்ணீரில் அதன் நிழல். அன்று கடைக்கு ஓடி வந்தவர், "இருக்குக்கா! நாற்காலி இருக்கு!" என்றார். நகை கிடைத்த மாதிரி முகம்.

ஆனால் அதில் உட்கார விடவில்லை. அந்த ஹாலில் ஆண்கள்தான் உட்காருவார்கள். கடைப்பையன்கள், மருந்து கம்பெனி ஆட்கள், பஸ் டிரைவர்கள். பெண்கள் வந்தால் 'ஃபேமிலி ரூம்' என்று பின்பக்கம் அனுப்புவார்கள். கை கழுவும் தொட்டிக்கு அடுத்தாற்போல், திரை போட்ட இருட்டறை. ஜன்னலும் கிடையாது.

நான் கூடப் போயிருந்தேன். கல்லாவில் இருந்த மெஸ்காரர் கையைக் காட்டினார்.

"ஃபேமிலி உள்ளங்க."

"ஃபேமிலிக்கு ஆக்கிப் போட்டுட்டுத்தான் வரேன். இங்க நாங்க ரெண்டு பேரும்தான்."

"அதில்லம்மா, இங்க ஆம்பளைங்க வருவாங்க, போவாங்க. உங்களுக்கே கூச்சமா இருக்கும்."

"எனக்குக் கூச்சமா இருந்தா நான் சொல்றேங்க. அதை நீங்க ஏன் படணும்?"

அன்று இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வெட்கத்தில் படியில் பாதி இறங்கிவிட்டேன். அவர் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஜன்னல் மேஜையில் ஆள் இருந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று காத்திருப்பார், அரை மணி முடிந்தால் பட்டினியாகவே திரும்பி வருவார். வேறு நாற்காலியில் உட்காருங்கள் என்று நானே சொன்னேன். "ஆம்பளைங்க எந்த நாற்காலியில வேணும்னாலும் உட்கார்றாங்கல்ல? எனக்கு அந்த நாற்காலிதான் வேணும்" என்றார். ஒரு நாள் பரிமாறுகிறவரே மனசு பொறுக்காமல், "வாங்கம்மா, வந்து உட்காருங்க, உங்களை இப்படி நிக்க வச்சுப் பாத்துக்கிட்டு என்னால சோறு போட முடியல" என்று ஜன்னல் மேஜையில் இலையைப் போட்டுவிட்டார். மெஸ்காரர் குனிந்து கல்லாக் காசை எண்ணினார். அன்றிலிருந்து அது அவர் இடம். எதிர் நாற்காலி சில நாள் என்னுடையது.

"தலையைத் தூக்கிச் சாப்பிடுங்கக்கா. இவ்ளோ பாடுபட்டு உட்கார்ந்திருக்கோம். குளத்தைப் பாருங்க" என்பார். நான் ஒரு வாய்க்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அங்கே வைத்துத்தான் ஒரு நாள் கேட்டேன். வத்தக்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"என் கல்யாணத்துல என்னைப் பந்தியிலேருந்து எழுப்பிட்டாங்கக்கா. துறையூர்ல கல்யாணம். காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. தாலி கட்டி, எல்லாம் முடிஞ்சு, இலையில உட்கார்ந்தேன். ரெண்டு வாய் வச்சிருப்பேன். அவங்க பெரியப்பா வீட்டு ஆளுங்க பஸ்ஸுக்கு அவசரமா வந்து நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறாங்க. பொண்ணு அப்புறம் சாப்பிட்டுக்கும்னு யாரோ சொன்னாங்க. கையைக் கழுவிட்டு எழுந்துட்டேன். அப்புறம்னா எப்பன்னு யாரும் சொல்லல. அந்த வீட்ல போயி இறங்கினதுலேருந்து அடுப்படியில நின்ன வாக்குல சாப்பிட்டதுதான். ரைஸ்மில்லுல நின்னேன், இங்க நிக்கிறேன். நிக்கிறதுக்குக் கூலி குடுக்கறாங்க, நிக்கிறேன். சோத்துக்கு முன்னாடி நிக்க மாட்டேன். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு, "அந்த அப்பளத்தைத் தொடல போலிருக்கே, வேணாம்னா இங்க போடுங்க" என்றார்.

கூட்ட நேரத்தில் நம் நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பது எல்லா ஊர் ஓட்டலிலும் உள்ளதுதான். இலையையே பார்ப்பார்கள். ரசமா, மோரா என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். எனக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால் அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். அவர் பின்னால் ஆள் நின்றால் இன்னும் மெதுவாகச் சாப்பிடுவார். ஒரு தடவை ஒருவர் நாற்காலி முதுகில் கையே வைத்துவிட்டார். இவர் திரும்பி, "சாமி ஊர்வலமாங்க, பிடிச்சுக்கிட்டு வரீங்க?" என்று கேட்டார். அவர் கையை எடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் பின்னால் போய் நின்றார்.

எனக்கு அவர்மேல் வருத்தம் வந்ததும் உண்டு. ஒரு நாள் கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் படியேறி மூச்சு வாங்க வந்து எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். அப்போதுதான் இவருக்கு இலையில் சோறு விழுந்திருந்தது. ஹாலில் இருந்த எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் குழம்பு ஊற்றிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, வயசானவர்" என்றேன்.

"தெரியுதுக்கா. கண்ணு இருக்கு" என்றார். பிறகு தலையைத் தூக்கி, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இங்க இத்தனை ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கீங்க. ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார்.

ஒரு பையன் இலையைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்து இடம் விட்டான். பெரியவர் உட்கார்ந்தார். எனக்கு அன்று முழுக்க அவரோடு பேசப் பிடிக்கவில்லை. நானாக இருந்தால் எழுந்திருப்பேன். இன்றைக்கும் எழுந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கியது. காலையில் கடை திறக்கும் முன் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தினார். நல்ல மனுஷர்தான், கத்துவது அவர் வேலை.

"இன்னையிலேருந்து தீபாவளி வரைக்கும் மதியம் யாரும் வெளிய போகக் கூடாது. குடோன்ல பத்து நிமிஷம். சாப்பிட்டமா, வந்தமான்னு இருக்கணும்."

"சேரும்போது அரை மணி நேரம்னு சொன்னீங்களே சார்" என்றார் இவர்.

"சீசன்ம்மா."

"பசிக்கு சீசன் இல்லைங்களே சார். வேணும்னா ராத்திரி அரை மணி கூட நிக்கிறேன். மதியம் எனக்கு உட்காரணும்."

"எல்லாருக்கும் ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? முதலாளி உத்தரவு. வெளிய போனா அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. திரும்ப வராதீங்க."

அக்காவின் பெண் அப்போது நர்சிங் முதல் வருஷம். வீட்டுக்காரர் வேலைக்கு ஒழுங்காகப் போகாதவர். இந்த வேலை போனால் அவருக்கு என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். காலை முழுவதும் அவர் கைதான் ஓடியது. புடவையை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். நான் பக்கத்தில் போய், "நாலு நாள்தானேக்கா, பொறுத்துக்கலாமே" என்றேன்.

"அப்புறம் சாப்பிட்டுக்கலாம்னு சொல்றீங்க. இல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஒரு மணிக்குப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலைப் பார்த்து நடந்தார். அவர் செருப்பு மாட்டும்போது பார்க்கிறேன், நானும் அவர் பின்னால் நிற்கிறேன்.

"நீங்க வேணாம்க்கா. உள்ள போங்க."

"எனக்கும் பசிக்குது" என்றேன். என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

மெஸ்ஸில் அன்று படியிலேயே கூட்டம். தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த ஜனம். பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்துவிட்டு, ஜன்னல் மேஜை காலியானதும் கை காட்டினார். உட்கார்ந்தோம். இலை விழுந்தது. குளத்தில் வெயில் அடித்து, மண்டபம் வெள்ளையாக இருந்தது. நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் படியேறி வந்துவிட்டார். எங்களைத் திருப்பிக் கூட்டிப்போக வந்திருக்கிறார். நேராக வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

நான் எழப்போனேன். பாதி எழுந்துவிட்டேன். அவர் இடது கையை மேஜைக்கு அடியில் நீட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வந்து, "சார், அவசரப்படாதீங்க. அந்தம்மா மெதுவாத்தான் சாப்பிடும். பின்னாடி நில்லுங்க, முடிஞ்சதும் உங்களுக்குத்தான் அந்த சீட்டு" என்றார்.

"நான் சாப்பிட வரலைங்க" என்றார் சூப்பர்வைசர்.

"எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க. நில்லுங்க, நில்லுங்க, வழியை மறிக்காதீங்க."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். சூப்பர்வைசர் முகம் சிவந்துவிட்டது. அத்தனை கூட்டத்தில் கத்தவும் முடியவில்லை. குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்னை ஏன்மா இப்படிப் படுத்தறீங்க? கீழ கடையில நிக்க இடமில்ல. முதலாளி கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க சார்" என்றார் அவர்.

சூப்பர்வைசர் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ரசத்துக்குச் சோறு வாங்கினார். ரசத்தைக் குழி பறித்து ஊற்றிக்கொண்டு, இலையோரத்தில் ஓடுவதைக் கையால் தடுத்துத் தடுத்துச் சாப்பிட்டார். நானும் ரசம் வாங்கினேன். பிறகு மோர். வழக்கத்தைவிட மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. என் பின்னாலும் யாரோ வந்து நின்றார்கள். அது யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. குளத்தைப் பார்த்தேன். மண்டபத்துப் படியில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று அவர் திரும்பாமலே கேட்டார்.

பின்னாலிருந்து, "எங்கம்மா, காலையிலேருந்து ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தது.

அவர் இலையை மடித்தார். எழுந்து நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டி, "அப்ப உட்காருங்க சார். குளம் நல்லாத் தெரியும்" என்றார். பரிமாறுகிறவர் இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். சூப்பர்வைசர் அந்த இலையைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். நாங்கள் கை கழுவிவிட்டுப் படியிறங்கும்போது அவரும் பின்னாலேயே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

கடை வரைக்கும் மூன்று பேரும் வேகமாக நடந்தோம். அன்று ராத்திரி வரைக்கும் வழக்கம்போல் வேலை பார்த்தோம். மூடும்போது அக்கா எனக்குக் கை காட்டிவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவரை வாசலிலேயே நிறுத்தி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர்தான் சொன்னார். எதிர்த்துப் பேசியது அவர்தான் என்று என்னை உள்ளே விட்டார்கள். ஒரு மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன், மாடியேறி ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கத்திரிக்காய்க் கூட்டு.